கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் கேள்வி
நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருமயம் வட்டாரத்தில் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சரி, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சரி, உடம்பு வாகைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் யாரும் எழுந்து வருவதில்லை. ‘அப்பனைப் போலவே முப்பது வயசுல தொப்பை விழுந்துருச்சு’, ‘அவ பச்சத்தண்ணி குடிச்சாலும் உடம்பு போடும்’, ‘இவன் எலும்பும் தோலுமா இருக்கான், இவனுக்கு எங்கேருந்து சுகர் வரப்போகுது’ என்று பேச்சு போகும். உடம்பு வாகு பரம்பரையாக வருகிறது என்ற கவனிப்பில் தவறில்லை. அதிலிருந்து எடுக்கிற முடிவில்தான் பிசகு. ஒல்லியாக இருப்பவர் தனக்கு ஒன்றும் வராது என்று இருந்துவிடுகிறார். பருத்தவர் ‘எங்க பரம்பரை உடம்பு அப்படி’ என்று கைவிட்டுவிடுகிறார். இரண்டு பேருமே மருத்துவரிடம் காலம் கடந்துதான் வந்து சேர்கிறார்கள்.

சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று நாடு முழுக்க நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். அதே ஆய்வில் அதிகம் கவனிக்கப்படாத இரண்டு எண்கள் உண்டு. உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். அதாவது, தராசில் ஏறினால் தப்பித்துவிடுகிற, ஆனால் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தால் மாட்டிக்கொள்கிற உடம்பு நம்மவர்களில் ஏராளம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: உடம்பில் எத்தனை கிலோ கொழுப்பு என்பதைவிட, அது எங்கே தங்குகிறது, தங்கிய இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பவை முக்கியம். இரண்டிலும் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தெரிந்துகொள்வது முன்கூட்டியே விழித்துக்கொள்வதற்காக. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்காக அன்று.

நம்பிக்கை: ஒல்லி உடம்பைச் சர்க்கரை நெருங்காது

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. எந்த அட்டவணைப்படி பார்த்தாலும் இருவரும் சரியான எடையில் இருப்பவர்கள். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடைக்குள் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம். இது இரண்டு தனிமனிதர்களின் கதை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. யாஜ்னிக் குழுவினர் புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. தோள்பட்டைக்குக் கீழே கிள்ளிப் பார்க்கும் தோல்மடிப்பின் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஈடாக இருந்தது. பார்வைக்கு நோஞ்சான், உள்ளே கொழுப்பு. இந்த வாகு பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004-இல் ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தேவை என்றது. இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையும் இதே காரணத்தால் வந்ததுதான். மேலைநாட்டு எண்களை வைத்துக்கொண்டு ‘நான் நார்மல்’ என்று சொல்லிக்கொள்பவரின் கணக்கு, அவர் உடம்புக்குப் பொருந்தாத கணக்கு.

நம்பிக்கை: கொழுப்பு என்பது வெறும் ஊளைச்சதை, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

நுண்ணோக்கியில் ஒரு கொழுப்புச் செல்லைப் பார்த்தால் செல் முழுவதையும் ஒரே எண்ணெய்த் துளி அடைத்துக்கொண்டிருக்கும். செல்லின் உட்கரு ஓரத்தில் ஒண்டிக்கிடக்கும். பார்த்தால் சும்மா கிடக்கும் பண்டம் போலத்தான் தெரியும். ஆனால் இந்தச் செல்கள் ஓயாமல் ரத்தத்துக்குள் சேதி அனுப்பிக்கொண்டிருப்பவை. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின், ‘போதுமான சேமிப்பு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன். அது கொழுப்புத் திசுவில்தான் சுரக்கிறது. அடிபோனெக்டின் என்ற இன்னொன்று இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. செல் அளவுக்கு மீறி ஊதினால் அடிபோனெக்டின் குறைகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் அதைச் சூழ்ந்துகொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. அமெரிக்காவின் டல்லாஸில் வாழும் தெற்காசிய ஆண்களை அங்குள்ள வெள்ளையர்களோடு ஒப்பிட்ட ஆய்வில், நம்மவர்களின் தோலடிக் கொழுப்புச் செல்கள் பருத்தும் அடிபோனெக்டின் குறைந்தும் காணப்பட்டன.

கொழுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது உண்மையானால், கொழுப்பே இல்லாமல் பிறப்பவர்கள் மிகவும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அப்படிப் பிறப்பவர்கள் உண்டு. ஏஜிபேட்-2, செய்பின் போன்ற மரபணுக்களில் கோளாறு வந்தால் உடம்பில் கொழுப்புத் திசுவே உருவாவதில்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். எனவே அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். இந்தப் பிள்ளைகள் நரம்பு தெரியும் கட்டுமஸ்தான உடம்போடு இருப்பார்கள். ஆனால் இளவயதிலேயே கடுமையான சர்க்கரை நோய், கல்லீரல் நிறைய கொழுப்பு, ரத்தத்தில் எகிறிய டிரைகிளிசரைடு. கொழுப்புத் திசு இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் கொழுப்பைப் பதியம் வைத்தபோது அவற்றின் சர்க்கரை இறங்கியதை 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொழுப்பைச் சேர்த்தால் நோய் தணிகிறது என்றால், குற்றம் கொழுப்பின் மேல் இல்லை. இடம் கிடைக்காத கொழுப்பின் மேல்தான்.

புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு இதைக் கண்மாயை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தொடை, பிட்டம், கை, தோலடி என்று உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் கொழுப்புத் திசுதான் கண்மாய். சாப்பாட்டில் மிஞ்சும் சக்தி வரத்து. கொள்ளளவு இருக்கும்வரை கண்மாய் வரத்தைப் பிடித்துவைக்கும், ஊருக்குச் சேதமில்லை. நிறைந்தபின் வருவது கலிங்கைத் தாண்டிப் போகக் கூடாத இடத்துக்குப் போகும். உடம்பில் அந்த இடங்கள் குடலைச் சுற்றிய பகுதி, கல்லீரல், கணையம், தசை. அங்கே சேர்ந்த கொழுப்புதான் இன்சுலினை மதிக்க விடாமல் செய்கிறது. ஒருவருக்கு நூறு கிலோவிலும் கண்மாய் நிறையாது. இன்னொருவருக்கு அறுபது கிலோவிலேயே கலிங்கு பாயும். கொள்ளளவைப் பெரும்பாலும் பரம்பரை முடிவு செய்கிறது. வரத்து நம் கையில்.

இதற்கு இரண்டு சான்றுகள், இரண்டு திசையிலிருந்து. 2004-இல் அமெரிக்காவில் பருத்த பெண்கள் 15 பேருக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். ஆளுக்குச் சுமார் பத்து கிலோ. சில வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாட்டில் எந்த முன்னேற்றமும் இல்லை. மறுபுறம், நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பயோகிளிட்டசோன் மாத்திரையை எடுப்பவர்களுக்கு எடை சற்றுக் கூடும், ஆனால் சர்க்கரை இறங்கும். தோலடியில் புதிய கொழுப்புச் செல்களை உருவாக்கி, கல்லீரலில் தேங்கியதை அங்கே இழுத்துக்கொள்ளச் செய்வதுதான் அந்த மருந்தின் வேலை. எடை குறைந்தும் பயனில்லை, எடை கூடியும் நன்மை. தராசு ஒன்றையே நம்பினால் இந்த இரண்டுக்கும் விளக்கம் கிடைக்காது.

இதையே வைத்து ஒரு சின்னத் திருத்தமும் சொல்லியாக வேண்டும். பிட்டமும் தொடையும் கனத்த பெண்களைக் கேலி செய்வது நம்மிடம் சாதாரணம். ஆனால் தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு ஓரளவு காவலாக நிற்கிறது. கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருக்கும் ஆணின் வாகுதான் உண்மையில் கவலைக்குரியது. அதை நம் ஊரில் ‘வசதி வந்துருச்சு’ என்று பாராட்டுகிறார்கள்.

நம்பிக்கை: எல்லாம் தின்பதில் இருக்கிறது, பரம்பரை என்பது சாக்கு

1990-இல் கனடாவின் கியூபெக்கில் குளோத் பூஷார் குழு 12 ஜோடி ஒரேகரு இரட்டையர்களை வைத்து ஒரு சோதனை செய்தது. எல்லாரும் இளைஞர்கள். நூறு நாளில் 84 நாட்கள், தேவைக்கு மேல் தினம் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல், ஒரே கண்காணிப்பு. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ‘தண்ணி குடிச்சாலும் உடம்பு போடும்’ என்ற புலம்பலில் உள்ள நியாயம் இதுதான். கவனிக்க வேண்டியது அடுத்த செய்தி: ஒரு ஜோடிக்குள் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினார்கள். எங்கே ஏறியது என்பதிலும், குறிப்பாக வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில், அந்த ஒற்றுமை இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. எவ்வளவு சேரும் என்பதைவிட எங்கே சேரும் என்பதில் மரபின் கை ஓங்கியிருக்கிறது.

அந்தக் கை எந்த மரபணுக்களில் இருக்கிறது? 2007-இல் எஃப்டிஓ மரபணு பற்றிய செய்தி வந்தபோது ‘குண்டு மரபணு கிடைத்துவிட்டது’ என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அதன் ஆபத்தான வடிவம் இரண்டு பிரதிகளும் உள்ளவர், ஒன்றுமே இல்லாதவரைவிட சராசரியாக 3 கிலோதான் கூடுதல். அடுத்த ஆண்டு, மேற்கு லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் செய்த ஆய்வில், எம்சி4ஆர் மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு மாற்றம் இடுப்பளவைச் சுமார் 2 சென்டிமீட்டர் கூட்டுவது தெரிந்தது. இந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிட நம்மவர்களிடம் அதிகம். இன்னொன்று கேஎல்எஃப்-14. இது தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே இயங்குகிற விசித்திரமான மரபணு. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் பெண்களின் கொழுப்புச் செல்கள் பருத்து, பிட்டத்திலும் தொடையிலும் தங்க வேண்டியது வயிற்றுக்கு இடம் மாறுகிறது. சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அதே மாற்றம் ஆண்களிடம் அவ்வளவு பாதிப்பு காட்டுவதில்லை. 2019-இல் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை ஆராய்ந்தபோது, கொழுப்புப் பரவலோடு தொடர்புடைய இடங்கள் மரபுத்தொகுதியில் முந்நூறுக்கும் மேல் கிடைத்தன. நூற்றுக்கணக்கான சிறு உந்துதல்கள் ஒன்றுகூடுவதைத்தான் நாம் ‘உடம்பு வாகு’ என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு வணிகம் உள்ளே நுழைகிறது. எச்சிலை அனுப்பினால் உங்கள் மரபணுவுக்கு ஏற்ற உணவு அட்டவணை தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு வகையைப் பார்த்து கொழுப்பு குறைந்த உணவா, மாவு குறைந்த உணவா என்று பிரிப்பதால் எடைக் குறைப்பில் எந்தக் கூடுதல் பலனும் இல்லை என்று தெரிந்தது. மேலும், இந்த மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவருடையது. பிபிஏஆர்ஜி என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் ஐரோப்பியர்களைச் சர்க்கரை நோயிலிருந்து ஓரளவு காக்கிறது. சென்னையிலும் டல்லாஸிலும் உள்ள தெற்காசியர்களிடம் ராதா வெங்கடேசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-இல் பார்த்தபோது அந்தக் காவல் கிடைக்கவில்லை. அங்கே பொருந்தியது இங்கே பொருந்தும் என்று பணம் கட்டுவது வீண். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை யார் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்ற குடும்பக் கணக்கு இன்றைக்கும் இந்தச் சோதனைகளைவிட அதிகம் சொல்கிறது, அதற்குக் காசும் வேண்டாம்.

நம்பிக்கை: நாம் பஞ்சம் பார்த்த பரம்பரை, அதனால்தான் கொழுப்பைப் பிடித்துவைக்கும் உடம்பு

வானம் பார்த்த பூமியில் இந்த வாதம் எடுபடுவது இயல்பு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்லி, அதில் பிழைத்தவர்களின் சிக்கன மரபணுதான் நமக்கு வந்திருக்கிறது என்பார்கள். 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் முன்வைத்த கருதுகோளின் நாட்டு வடிவம் இது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சான்று பலவீனம். நாலைந்து தலைமுறை என்பது ஒரு சமூகத்தின் மரபணுவை இவ்வளவு தூரம் மாற்றப் போதாது. பஞ்சங்களில் அதிகம் மடிந்தவர்கள் சிறு குழந்தைகளும் முதியவர்களும். கொழுப்புள்ளவர் பிழைத்தார், இல்லாதவர் மடிந்தார் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு அங்கே இல்லை. பஞ்சம் பார்க்காத தேசம் உலகில் ஏது? ஐரோப்பாவும்தான் பார்த்தது.

பஞ்சத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பங்கு வேறு வழியில் வருகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த தாய்மார்களின் வயிற்றில் அப்போது இருந்த குழந்தைகள், ஐம்பது வயதில் குளுக்கோஸைச் சமாளிக்கத் திணறின. மரபணு எழுத்து மாறவில்லை; கருவில் கிடைத்த உணவு உடம்பின் அமைப்பை மாற்றியது. கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் முடிவாகி, பெரியவரானபின் அநேகமாக மாறுவதில்லை என்பதை 2008-இல் சுவீடன் ஆய்வு காட்டியது. ஆகவே பரம்பரை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி மரபணு, ஒரு பகுதி தாயின் சாப்பாடு. இரண்டாவதை இந்தத் தலைமுறையிலேயே திருத்தலாம். கர்ப்பிணிக்கு முட்டையும் பருப்பும் கீரையும் ஒழுங்காகக் கிடைப்பது, பிறக்கப்போகும் பிள்ளை நாற்பது வயதில் எப்படி இருக்கும் என்பதற்கான ஏற்பாடும்கூட.

நம்பிக்கை: பரம்பரை என்றால் தலையெழுத்து, செய்வதற்கு ஒன்றுமில்லை

‘இவ்வளவும் மரபு என்றால், அதே மரபில் வந்த என் தாத்தாவுக்கு ஏன் சர்க்கரை இல்லை?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பேரனுக்குத் தாத்தாவின் மரபணுவில் ஒரு பங்கு வந்திருக்கிறது, கண்மாயின் கொள்ளளவும் ஏறக்குறைய அதேபோல இருந்திருக்கலாம். தாத்தா ஏர் பிடித்தார், கமலை இறைத்தார், பக்கத்து ஊருக்கு நடந்தே போனார். வரத்து எப்போதும் கரைக்குக் கீழேயே இருந்தது. பேரன் பைக்கில் போய், உட்கார்ந்து வேலை பார்த்து, மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிடுகிறார். கொள்ளளவு குறைவு என்பது இப்போதுதான் வெளியே தெரிகிறது. ‘பருமனில் பாதிக்கு மேல் மரபு’ என்ற ஆய்வுச் செய்தியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஒரே சூழலில் வாழும் மக்களுக்கு இடையிலான வித்தியாசத்தை விளக்கும் கணக்கு அது. உங்கள் தொப்பையில் பாதி அப்பா கொடுத்தது என்று அதற்குப் பொருளில்லை.

மரபு அசைக்க முடியாதது என்ற வாதத்துக்குச் சென்னையிலிருந்தே பதில் உண்டு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்தார்கள். சாதாரண அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை இறங்கவில்லையே என்று ஒரு மாதத்தில் நடையை நிறுத்திவிடுபவர்கள் மனதில் வைக்க வேண்டிய முடிவு இது. தராசு அசையாமல் இருக்கும்போதே தசை சர்க்கரையை இழுக்கப் பழகுகிறது. எஃப்டிஓ விஷயத்திலும் அப்படித்தான்: இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2011-இல் கணக்கிட்டபோது, உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மரபணு பருமனை நோக்கித் தள்ளும் வேகம் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது.

சென்னையில் டாக்டர் வி.மோகன் குழு 2005-இல் வடிவமைத்த இந்தியச் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்ணைப் பார்த்தாலும் இதே பாடம்தான். மொத்தம் 100. வயதுக்கு அதிகபட்சம் 30, உடலுழைப்பு இன்மைக்கு 30, இடுப்பளவுக்கு 20, பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்தால் 20. அறுபதைத் தொட்டால் ரத்தப் பரிசோதனை அவசியம். பெற்றோரையும் வயதையும் மாற்ற முடியாது. அவை இரண்டும் சேர்ந்து 50. உழைப்பும் இடுப்பும் நம் கையில். அவையும் சேர்ந்து 50. எடை என்ற கேள்வியே அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது சின்ன வேலை. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் ஏமாற்றும். தொப்பை உள்ளவர்கள் வேட்டியை அதற்குக் கீழேதான் கட்டுகிறார்கள். பேன்ட் சைஸும் கணக்கில்லை. ஆண்களுக்கு ஏறத்தாழ 35 அங்குலம், பெண்களுக்கு 31 அங்குலம் தாண்டினால், பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை பார்க்க வேண்டும். பெற்றோருக்கு நோய் இருந்தால் முப்பது வயதிலிருந்தே பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-இலிருந்து சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். வரும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பாமல் கையை நீட்டினாலே போதும். வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் வயிறு மட்டும் குறையாது. ஆனால் தினமும் வேகமாக நடப்பதும் தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவதும் கல்லீரலில் தேங்கியதைக் குறைக்கும், அது வெளியே தெரியாவிட்டாலும். அப்பாவுக்கு ஐம்பதில் வந்த நோய் மகனுக்கு முப்பத்தைந்தில் வந்தாக வேண்டும் என்று எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை. குடும்பத்தில் நோய் இருப்பதை முன்பே தெரிந்துகொண்ட மகனுக்கு, அப்பாவுக்குக் கிடைக்காத பதினைந்து வருட அவகாசம் கையில் இருக்கிறது.